ஓட்டம் நிற்காமல் விதி மாறுவது எப்படி?

செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதே போனில் நீங்கள் செஸ் ஆடுகிறீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு செயலி தன் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் வங்கிச் செயலியும் அதே போனில்தான் இருக்கிறது. செஸ் செயலியை எழுதியவர் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலி சேமித்துவைத்திருக்கும் கோப்பை அந்தச் செஸ் செயலி திறந்து படித்துவிட முடியுமா?

திறக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் ‘அனுமதி இல்லை’ என்று பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்வது இயங்குதளத்தின் நடுவே இருக்கும் கெர்னல் என்ற நிரல். கெர்னல் முகம் பார்த்து முடிவு செய்வதில்லை. அதனிடம் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை யார் எழுதுகிறார்கள்? ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான முறை கெர்னல் அவற்றை எப்படிச் சரிபார்க்கிறது? எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விதியை எப்படி மாற்றுகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிக் கேள்விதான். அதற்கு விடை தேடியவர்களில் பெங்களூரில் இருந்து வேலை செய்தவர்களும் உண்டு.

கேட்காமலே எடுத்துக்கொண்டால் என்ன?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். செஸ் செயலி எதற்காகக் கெர்னலிடம் கேட்க வேண்டும்? தானே போய்க் கோப்பை எடுத்துக்கொண்டால் என்ன?

எடுக்க முடியாதபடி புராசசரையே கட்டியிருக்கிறார்கள். போனிலும் கணினியிலும் உள்ள புராசசர்கள் குறைந்தது இரண்டு நிலைகளில் வேலை செய்கின்றன. செயலிகள் ஓடுவது சாதாரண நிலையில். அப்போது கூட்டலாம், கழிக்கலாம், ஒப்பிடலாம், தனக்கென்று ஒதுக்கிய நினைவகப் பகுதியில் எழுதலாம், படிக்கலாம். சேமிப்பகம், இணைய இணைப்பு, திரை, ஒலிபெருக்கி போன்றவற்றை நேரடியாகத் தொடும் கட்டளைகள் அந்த நிலையில் செல்லாது. மீறி முயன்றால் புராசசர் அந்த நிரலை அங்கேயே நிறுத்திவிட்டுக் கெர்னலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். எல்லாக் கட்டளைகளும் செல்லுபடியாகும் நிலையில் ஓடுவது கெர்னல் மட்டுமே.

ஆகவே ஒரு செயலிக்குத் தன் எல்லைக்கு வெளியே எது வேண்டுமென்றாலும் வழி ஒன்றுதான். கெர்னலிடம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். லினக்ஸ் கெர்னலில் முந்நூறுக்கும் மேற்பட்ட வகை சிஸ்டம் கால்கள் இருக்கின்றன. கோப்பைத் திற, படி, எழுது, மூடு, இணையத்தில் இந்த முகவரிக்கு அனுப்பு, இன்னும் கொஞ்சம் நினைவகம் கொடு, இப்படி. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய வேலை அது.

விதி கெர்னலில் இருக்க வேண்டிய காரணம் இப்போது புரிந்திருக்கும். ‘வங்கிக் கோப்பைத் தொடாதே’ என்று செஸ் செயலிக்குள்ளேயே எழுதிவைத்தால், அதை எழுதியவரே அந்த வரியை அழித்துவிடலாம். கெர்னலுக்குள் இருக்கும் விதியை அவரால் அழிக்க முடியாது. அதைத் தவிர்த்துவிட்டுப் போகக் குறுக்குவழியும் கிடையாது.

ஒன்பது பிட்

இன்றும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய விதி ஒன்று ஒன்பதே பிட்களில் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து 1970களில் வந்தது அது.

ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழுவும் உண்டு. இவர்கள் அல்லாத எல்லாரும் ‘மற்றவர்’. இந்த மூன்று வகையினருக்கும் தனித்தனியே மூன்று கேள்விகள்: படிக்கலாமா, எழுதலாமா, நிரலாக ஓட்டலாமா? மூன்று வகை, மூன்று கேள்வி, ஆக மொத்தம் ஒன்பது ‘ஆம் அல்லது இல்லை’. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, ஓட்டுவதற்கு 1 என்று வைத்துக் கூட்டினால் ஒவ்வொரு வகையினருக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். 640 என்று ஒரு கோப்பில் இருந்தால் உரிமையாளருக்கு 6, அதாவது 4+2. அவர் படிக்கலாம், எழுதலாம். குழுவுக்கு 4, படிக்க மட்டும். மற்றவருக்கு 0; ஒன்றும் இல்லை. 754 என்றால் என்ன என்று நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. ஒரு கோப்பின் எண் 044 என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்கு 0, குழுவுக்கு 4, மற்றவருக்கு 4. உரிமையாளரும் மனிதர்தானே, ‘எல்லாரும் படிக்கலாம்’ என்பதில் அவரும் சேர்த்திதானே என்று தோன்றும். ஆனால் அவரால் படிக்க முடியாது! ஊரே படிக்கும், அவர் மட்டும் படிக்க முடியாது. ஏனென்றால் கெர்னல் முதலில் ‘இவர் உரிமையாளரா?’ என்று பார்க்கிறது. ஆம் என்றால் உரிமையாளருக்கான மூன்று பிட்களை மட்டும் பார்த்துவிட்டு அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அடுத்த வகைக்குப் போவதே இல்லை. விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதி. எந்த வரிசையில் படிக்கிறார்கள் என்பது மீதிப் பாதி.

செஸ் செயலியின் கேள்விக்கு விடை இந்த ஒன்பது பிட்டில்தான் இருக்கிறது. யூனிக்ஸ் பிறந்த காலத்தில் ஒரே கணினியைப் பல பேர் பகிர்ந்துகொண்டார்கள். பயனர் என்றால் மனிதர். செல்போனிலோ பெரும்பாலும் ஒரே ஆள். ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராகக் கெர்னலிடம் அறிமுகப்படுத்திவிட்டார்கள். செயலியை நிறுவும்போதே அதற்கு 10000இலிருந்து தொடங்கும் வரிசையில் ஒரு பயனர் எண் கிடைக்கிறது. செஸ் செயலிக்கு 10057, வங்கிச் செயலிக்கு 10112 என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கோப்பின் உரிமையாளர் 10112. மற்றவருக்கு 0. செஸ் என்றால் என்ன, வங்கி என்றால் என்ன என்று கெர்னலுக்குத் தெரியாது. 10057 என்ற எண், 10112க்குச் சொந்தமான ஒன்றைக் கேட்கிறது என்பது மட்டும் தெரியும். அவ்வளவே போதும்.

பட்டியலாக வரும் விதிகள்

ஒன்பது பிட் போதாத இடங்கள் உண்டு. இணையத்திலிருந்து வரும் டேட்டா பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த வகை என்று பார்த்துத்தான் விடலாமா தடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். இந்த வேலைக்காக ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய நெட்ஃபில்டர் என்ற பகுதி, 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4இல் சேர்ந்தது. ஒரு பாக்கெட் கெர்னலுக்குள் பயணம் செய்யும் வழியில் ஐந்து இடங்களை அது தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு விதிப் பட்டியலைத் தொங்கவிட வசதி செய்து கொடுத்தது.

ஒரு பள்ளியின் கணினியில் இரண்டு விதிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் விதி: பள்ளிக்கு வெளியிலிருந்து வரும் எதையும் தடு. இரண்டாம் விதி: மாவட்ட நூலகத்தின் கணினியிலிருந்து வருவதை விடு. நூலகம் பள்ளிக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கிருந்து வரும் பாக்கெட் முதல் விதியிலேயே தடுக்கப்பட்டுவிடும். இரண்டாம் விதியை யாரும் படிக்கப்போவதே இல்லை. வரிசையை மாற்றி நூலக விதியை மேலே வைத்தால் அது உள்ளே வந்துவிடும். எழுத்து ஒன்றும் மாறவில்லை, முடிவு தலைகீழாகிவிட்டது.

இன்னொரு வகை விதி ‘சொல்லாதது எதுவும் கிடையாது’ என்ற கொள்கையில் எழுதப்படுகிறது. எஸ்இலினக்ஸ் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் அதை எல்லாருக்கும் வெளியிட்டது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது போன் முழுவதும் கட்டாயமாக நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு விதியும் ‘இன்ன வகை நிரல், இன்ன வகைப் பொருளின்மேல், இன்ன செயலைச் செய்யலாம்’ என்று சொல்லும். பட்டியலில் இல்லாதது எல்லாம் தடை. கணினியின் தலைமைப் பயனரைக்கூட இந்த விதி கட்டிப்போடும். அதே விதித் தொகுப்பில் ‘இப்படி ஓர் அனுமதியை ஒருபோதும் எழுதாதே’ என்ற வகை வரிகளும் உண்டு. அவை கெர்னலுக்குள் போவதே இல்லை. விதிகளைத் தொகுக்கும்போதே, யாராவது மறந்துபோய் ஆபத்தான அனுமதி ஒன்றை எழுதிவிட்டார்களா என்று பார்ப்பதற்காக அவை இருக்கின்றன. விதி எழுதுபவர்களுக்கான விதி!

எழுதுபவர் வேறு, நடத்துபவர் வேறு

இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குணத்தைக் கவனித்தீர்களா? கெர்னல் எந்த விதியையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. விதியை மனிதர்கள் வெளியே உட்கார்ந்து எழுதுகிறார்கள். கெர்னலை எழுதியவர்கள் செய்துகொடுத்தது, எந்த விதியைத் தந்தாலும் தவறாமல் நடத்தும் ஏற்பாட்டை மட்டும்தான்.

எழுதுபவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர் என்பது புதிதல்ல. பெங்களூரின் தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. அங்கே தமிழில் பொறித்த கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஹொய்சள அரசன் வீர ராமநாதன் காலத்துக் கல்வெட்டும் ஒன்று. ஊர் வருவாயிலிருந்தும் நிலத்திலிருந்தும் கோயிலுக்கு என்ன சேர வேண்டும் என்று இப்படிப்பட்ட கல்வெட்டுகள் சொல்கின்றன. கல்லில் இருக்கும் விதியை நடத்தியவர்கள் ஊர் மக்கள். ஒரு சொல்லில் ஐயம் வந்தால் அவர்கள் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கெர்னலுக்குக் கூடிப் பேச யாரும் இல்லை. அதனால் மனிதர் எழுத்தாக எழுதும் விதி, கெர்னலுக்குள் போகும் முன் எண்களாக மாற்றப்படுகிறது. எந்தத் தகவலைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் எண், சமமா பெரியதா சிறியதா என்பதற்கு ஓர் எண், எதனுடன் ஒப்பிட வேண்டும் என்பதற்கு ஓர் எண், பொருந்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஓர் எண். லினக்ஸில் ‘ஆடிட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. யார் எப்போது எதைச் செய்தார்கள் என்று குறிப்பு எழுதிவைக்கும் பகுதி அது. அதன் ஒரே விதியில் 64 நிபந்தனைகள் வரை அடுக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை எண்களின் ஒப்பீடுதான். ஐயத்துக்கு இடமே இல்லை.

படிப்பவர்கள் மோதிக்கொண்டால்?

இனி கடினமான பகுதி. மெதுவாகவே போவோம்.

ஒரு கோப்பைத் திறக்கும்போது கெர்னல் ஒரே ஒரு முறை சரிபார்ப்பதில்லை. கோப்பு ஒரு கோப்புறைக்குள் இருக்கும், அது இன்னொரு கோப்புறைக்குள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நுழைய அனுமதி உண்டா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இதை ஒரே ஒரு புராசசர் செய்யவில்லை. இன்று பல செல்போன்களில் எட்டு புராசசர் கோர்கள் இருக்கின்றன. எட்டும் ஒரே நேரத்தில் ஒரே விதிப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

படிப்பது மட்டும் நடந்தால் தொல்லையே இல்லை. ஒரு கோர் படித்துக்கொண்டிருக்கும் விதியை இன்னொரு கோர் அதே கணத்தில் திருத்தினால்? விதியின் முதல் எண் பழையதாகவும் இரண்டாவது எண் புதியதாகவும் படிக்கப்பட்டுவிடலாம். பழைய விதியும் இல்லாமல், புதிய விதியும் இல்லாமல், யாருமே எழுதாத மூன்றாவது விதி ஒன்று ஒரு நொடி உயிர்பெற்றுவிடும். பாதுகாப்பு வேலையில் இதைவிட மோசமானது இல்லை.

இதற்குப் பழைய மருந்து பூட்டு. படிப்பவர் ‘நான் படிக்கிறேன்’ என்று நினைவகத்தில் ஓர் இடத்தில் குறித்துவைப்பார். முடித்ததும் அழிப்பார். எந்தக் குறிப்பும் இல்லாதபோதுதான் மாற்றுபவர் உள்ளே வருவார். பாதுகாப்பானதுதான். ஆனால் குறித்துவைப்பது என்பதே எழுதுவது அல்லவா? ஒவ்வொரு கோரும் தான் அடிக்கடி பார்க்கும் நினைவகத்தின் நகலைத் தன் பக்கத்திலேயே, கேஷ் என்ற வேகமான சிறு நினைவகத்தில் வைத்திருக்கும். ஒரு கோர் அந்தக் குறிப்பு இருக்கும் இடத்தில் எழுதியதும் மற்ற கோர்களிடம் உள்ள நகல்கள் செல்லாமல் போய்விடும். அவை மறுபடியும் புதிய நகலைக் கொண்டுவர வேண்டும். எட்டு கோர்களும் மாற்றி மாற்றி எழுதினால், அந்த ஓர் இடம் எட்டுப் பேருக்கும் நடுவே ஓயாமல் இழுபடும். யாருமே விதியை மாற்றவில்லை, எல்லாரும் வெறுமனே படிக்கிறார்கள், ஆனாலும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள்! விதி மாறுவது நாளுக்கு ஒரு முறையாக இருக்கலாம். அந்த ஒரு முறைக்காக விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை விலை கொடுப்பது நியாயமா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சீக்வென்ட் என்ற நிறுவனம் பல புராசசர்கள் கொண்ட பெரிய கணினிகளைச் செய்துவந்தது. அங்கே பால் மெக்கென்னி, ஜாக் ஸ்லிங்வைன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் வேறொரு வழி கண்டார்கள். இன்று அதை ஆர்சியூ என்கிறார்கள். படி, நகலெடு, மாற்று என்பதன் சுருக்கம் அது.

தொம்மலூர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு நேரப் பலகை இருப்பதாக நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் நின்று படிக்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே பலகையை அழித்து எழுதினால் பாதிப் பேர் தவறான பேருந்தில் ஏறுவார்கள். அதற்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்து புதுப் பலகை ஒன்றை முழுவதுமாக எழுதி முடியுங்கள். பிறகு, இனி வருபவர்கள் பார்க்கும் இடத்தில் அதை ஒரே அசைவில் வைத்துவிடுங்கள். பழைய பலகையை உடனே தூக்கிப் போடாதீர்கள். அதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் கையில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். அவர்கள் எல்லாரும் போன பிறகு எடுத்துவிடுங்கள்.

கெர்னலில் நடப்பதும் இதுதான். பழைய விதியைத் தொடாமல் அதன் நகலை எடுக்கிறார்கள். திருத்தம் முழுவதும் நகலில். பிறகு ‘விதி இங்கே இருக்கிறது’ என்று காட்டும் ஒரே ஒரு முகவரியைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுகிறார்கள். முகவரி ஒன்றை மாற்றுவது புராசசருக்குத் துண்டாட முடியாத ஒரே செயல். படிப்பவர் பழைய விதியை முழுசாகப் பார்ப்பார், அல்லது புதிய விதியை முழுசாகப் பார்ப்பார். பாதிப்பாதி என்பது நடக்கவே நடக்காது.

படிப்பவர்கள் ‘நான் படிக்கிறேன்’ என்று எங்கும் குறிக்கவில்லையே, பிறகு அவர்கள் முடித்துவிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? இந்த முறையின் அழகு இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. விதியைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கோரை வேறு வேலைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்படியானால், ஒரு கோர் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறியதைப் பார்த்தாலே போதும், முன்பு அது படித்துக்கொண்டிருந்தது முடிந்துவிட்டது என்று அர்த்தம். கோர்கள் வேலை மாறுவது எப்படியும் ஓயாமல் நடப்பதுதான். முகவரியை மாற்றிய பிறகு எட்டு கோர்களும் ஆளுக்கு ஒரு முறையாவது வேலை மாறும்வரை காத்திருந்தால், பழைய விதியை இனி யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று நிச்சயம். அப்போது அதை அழிக்கலாம். இப்படி அமைத்த கெர்னலில் ‘படிக்கத் தொடங்குகிறேன்’ என்பதற்காகப் படிப்பவர் செய்ய வேண்டிய கட்டளைகள் எத்தனை தெரியுமா? சுழியம்.

தொம்மலூர்ப் பக்கத்திலிருந்து

1999இல் ஐபிஎம் நிறுவனம் சீக்வென்டை வாங்கியது. அந்த அறிவை லினக்ஸுக்குக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. அதில் முக்கியப் பங்கு வகித்தவர் தீபாங்கர் சர்மா. பெங்களூரில் ஐபிஎம்மின் மென்பொருள் ஆய்வகத்தில், லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் வேலை செய்தவர். 2002 அக்டோபரில் வந்த லினக்ஸ் 2.5.43 பதிப்பில் ஆர்சியூ சேர்ந்தது. பின்னர் அதன் நிரல் கோப்பின் தலைப்பகுதியில் எழுதியவர்களாக இரண்டு பெயர்கள் இடம்பெற்றன: தீபாங்கர் சர்மா, ஜெர்மனியின் மான்ஃப்ரெட் ஸ்ப்ரால். கோப்புப் பெயர்களைத் தேடும் பகுதியில் இதே முறையைப் புகுத்துவதில் பெங்களூரின் மனீஷ் சோனியும் சேர்ந்துகொண்டார். மெக்கென்னி, சர்மா, சோனி மூவரும் அதைப் பற்றி 2004 ஜனவரி ‘லினக்ஸ் ஜர்னல்’ இதழில் கட்டுரை எழுதினார்கள்.

தொம்மலூரை ஒட்டி, இந்திராநகரையும் கோரமங்களாவையும் இணைக்கும் உள்வட்டச் சாலையின் ஓரத்தில், எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் என்ற பெரிய அலுவலக வளாகம் இருக்கிறது. ஐபிஎம் உட்படப் பல நிறுவனங்கள் அங்கே இயங்கிவந்திருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது கண்ணாடிக் கட்டடங்கள் மட்டும்தான் கண்ணில் படும். உலகத்தின் எல்லா ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளும் ஓடும் நிரலின் சில வரிகள் இந்த நகரத்தில் எழுதப்பட்டவை என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆர்சியூ மட்டுமல்ல. அதே பெங்களூர் மையத்தின் ஸ்ரீவத்ச வட்டகிரி 2007இல் செய்த வேலை பங்கீட்டு விதியைப் பற்றியது. இரண்டு மாணவிகள் ஒரே கணினியைப் பகிர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ஒன்பது நிரல்களை ஓட்டுகிறாள், மற்றவள் ஒன்று. நிரலுக்கு நிரல் சமம் என்பது விதியானால், முதல் மாணவிக்குப் புராசசர் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். நிரல்களைக் குழுவாகப் பிரித்து, குழுவுக்குக் குழு சமம் என்று விதித்தால் ஆளுக்குப் பாதி. அதே காலத்தில் பல்பீர் சிங், ஒரு குழு எவ்வளவு நினைவகம் வரை பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டும் பகுதியை எழுதினார். 2008இல் வந்த லினக்ஸ் 2.6.25இல் அது இடம்பெற்றது. ‘படிக்கலாமா கூடாதா’ என்பதோடு ‘எவ்வளவு வரை’ என்பதும் கெர்னலின் விதியாயிற்று.

புது விதி எப்போதிலிருந்து?

ஆர்சியூ முறையில் ஒரு சின்ன இடைவெளி இருப்பதைக் கூர்மையாகப் படித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். முகவரியை மாற்றிய பிறகும், முன்பே படிக்கத் தொடங்கியவர் பழைய விதியின்படியே நடந்துகொள்வார். அது சரியா?

லினக்ஸின் சொந்தக் கையேடு இந்தக் கேள்வியை மறைக்கவில்லை. நாம் மேலே பார்த்த ஆடிட் பகுதியின் விதிப் பட்டியலையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு பேசுகிறது. நிர்வாகி விசைப்பலகையில் தட்டிய கட்டளை கெர்னலுக்கு வந்துசேரவே நேரமாகிறது. அதற்கு மேல் ஒரு சிறு கணம் பழைய விதி நீடித்தால் ஆடிட் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் பொறுக்க முடியாத இடங்களும் உண்டு. அங்கே பழையதன்மேல் ‘இது செல்லாது’ என்று ஓர் அடையாளம் இட்டுவிடுகிறார்கள். கையில் எடுத்தவர், பயன்படுத்தும் முன் அந்த அடையாளத்தைப் பார்த்தாக வேண்டும். எந்த இடத்துக்கு எது என்று கெர்னல் எழுதுபவர்கள் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

ஒன்பது பிட் விதியிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் இருக்கிறது. கெர்னல் அந்த விதியைக் கோப்பைத் திறக்கும்போது மட்டும்தான் பார்க்கிறது. திறந்த பிறகு நீங்கள் அனுமதியை நீக்கினாலும், முன்பே திறந்துவைத்திருக்கும் நிரல் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கும். எஸ்இலினக்ஸை எழுதியவர்கள் வேறு மாதிரி முடிவெடுத்தார்கள். திறந்த கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும், இடையில் விதித் தொகுப்பு மாறியிருந்தால், அது மறுபடியும் சரிபார்க்கும்.

இதை நீங்களே செய்துபார்க்கலாம். வீட்டிலோ பள்ளியிலோ லினக்ஸ் கணினி இருந்தால் போதும். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சரிதான். லினக்ஸ் தெரிந்த அக்காவையோ அண்ணனையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பயனராக இல்லாமல் சாதாரணப் பயனராக நுழையுங்கள், ஏனென்றால் தலைமைப் பயனரை ஒன்பது பிட் விதி தடுக்காது. ஒரு சின்னக் கோப்பை உருவாக்குங்கள். ஒரு ஜன்னலில், கோப்பின் கடைசியில் சேரும் புதிய வரிகளைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும் ‘டெயில்’ (tail -f) கட்டளையை ஓடவிடுங்கள். இரண்டாவது ஜன்னலில் அந்தக் கோப்பின் எண்ணை 200 ஆக்குங்கள். உரிமையாளர் எழுதலாம், படிக்க முடியாது. இப்போது இரண்டாவது ஜன்னலிலிருந்து கோப்பில் ஒரு புது வரியைச் சேருங்கள். முதல் ஜன்னலில் அந்த வரி வந்து நிற்கும். மூன்றாவது ஜன்னல் ஒன்றைத் திறந்து அதே ‘டெயில்’ கட்டளையைப் புதிதாகக் கொடுத்துப் பாருங்கள். ‘அனுமதி இல்லை’ என்பார் கெர்னலார்.